கிறிஸ்துமஸ் வாசகமும் இரண்டாம் வகுப்புச் சிறுமியும்

கேள்வி: பாறசாலையில் மலையாள வழியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், கிறிஸ்துமஸ் ஆராதனையில் லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்திலிருந்து சில வசனங்களைத் தமிழில் வாசிக்க ஆசைப்படுகிறாள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மனப்பாடம் செய்ய வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. வாசிக்கும் ஆசை குழந்தைக்குத் தானாக வந்திருக்கும்போது அதை மனப்பாடத்தால் மழுங்கடிக்கக் கூடாது. மலையாளம் பழகிய கண்ணுக்குத் தமிழ் முற்றிலும் புதிதல்ல; எகர, ஏகாரக் குறிகள் மெய்க்கு இடப்பக்கம் வருவதும், ஒகர, ஓகாரக் குறிகள் இருபுறமும் அணைத்து நிற்பதும் இரண்டு மொழிகளிலும் ஒன்றே. தடுமாற்றம் வேறிடத்தில் வரும். பால், பாலன் என்னும் சொற்களின் முதலெழுத்து மலையாளத்தில் வெவ்வேறு. தமிழிலோ இரண்டுக்கும் ஒரே 'பா'தான். எங்கே எப்படி ஒலிப்பது என்பதை விதியாகச் சொல்லாமல், நீங்கள் வாசித்துக் காட்டி அவளைத் திரும்ப வாசிக்கச் செய்யுங்கள். வீட்டுப் பேச்சில் பழகிய காது மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

7ஆம் வசனத்தில் 'இடமில்லாதிருந்தபடியினால்' என்றொரு நீண்ட சொல் வரும். பெரியவர்களே திணறுவார்கள். இடம், இல்லாது, இருந்த, படியினால் என்று பென்சிலால் கோடிட்டுப் பிரித்துக் கொடுத்து, பிறகு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அச்செழுத்து பொடியாக இருந்தால் வசனங்களைப் பெரிதாகத் தாளில் எழுதிக் கொடுங்கள். ஆனால் மலையாள எழுத்தில் எழுதித் தராதீர்கள்.