கோப்பைத் திறந்ததுமே ‘சேமிக்கவா?’ என்று கேட்கும் மரம்

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். எங்கள் பங்காளிகளின் வம்சாவளியை ஜாவா ஸ்விங்கில் (ஜாவா மொழியில் சாளரம், பொத்தான் போன்றவற்றை அமைக்கும் நிரல் தொகுப்பு) மரமாக எழுதி வருகிறேன். ஒருவர் பெயரைத் திருத்தினால் ‘சேமி’ பொத்தான் உயிர் பெறுவதில்லை. எதையும் தொடாமல் மூடினாலோ ‘சேமிக்கவா?’ என்கிறது. ஒவ்வொரு கணுவிலும், அதாவது மரத்தில் ஒவ்வொருவருக்கும் உரிய இடத்திலும், லிசனர் (மாற்றம் நடந்தால் தகவல் பெறும் நிரல் துண்டு) போட்டிருக்கிறேன். எங்கே தப்பு?

பதில்: ஒவ்வொரு கணுவிலும் போட்டதுதான் தப்பு. நம் நகரத்தார் வழக்கப்படி, கல்யாணமானால் தம்பதியை ஒரு ‘புள்ளி’ என்று கோயிலில் பதிகிறோம். ஒவ்வொரு பங்காளியும் தனித்தனியாகக் கணக்கு வைப்பதில்லை. அதுபோல, மாறிய கணு தன் தகப்பன் கணுவிடம் சொல்லட்டும், அது தன் தகப்பனிடம் சொல்லட்டும். வேர்க் கணுவில் மட்டும் ‘சேமிக்காதது உண்டா’ என்று ஒரு குறி இருந்தால் போதும். லிசனர்களும் அங்கேதான். குறி மாறும்போது மட்டும் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும்.

பெயர் விஷயம் எளிது. கணுவில் நேராகப் பெயரை மாற்றினால், மரத்தின் தரவைத் திரைக்குக் கொடுக்கும் ட்ரீ மாடலுக்குத் தெரியாது. மாற்றியதும், ‘இந்தக் கணு மாறியது’ என்று அதற்குச் சொல்லும் ‘நோட்சேஞ்ச்டு’வை அழையுங்கள். தொடாமலே ‘சேமிக்கவா?’ என்று கேட்பதற்குக் காரணம் வேறு: கோப்பைப் படிக்கும்போது ஒவ்வொருவரையும் சேர்ப்பதும் ‘மாற்றம்’ என்றே பதிவாகிறது. படித்து முடித்ததும் குறியை இறக்கிவிட்டு, அப்புறம் லிசனர்களைச் சேருங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் விற்பவர்களிடம் போய்விடாதீர்கள். நொடிக்கொரு தரம் முழு மரத்தையும் பழைய நகலோடு ஒப்பிடும் டைமரைக் கட்டித் தருவார்கள். முப்பது பேரை வைத்துக் காட்டும்போது அழகாக ஓடும். எட்டுத் தலைமுறையை ஏற்றினால் திணறும். கேட்டால் வேறு கணினி வாங்கச் சொல்வார்கள். பாடத்திட்டம் மரத்தை இன்ஆர்டர், ப்ரீஆர்டர் என்று வெவ்வேறு வரிசையில் சுற்றிவரச் சொல்லித் தருகிறது. அந்த மரத்தைப் பத்திரமாகக் கோப்பில் எழுத ஒரு வகுப்புகூட ஒதுக்குவதில்லை. எத்தனை வருஷம் சொல்வது! அந்த ஓட்டையில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

உங்கள் மரத்தில் கட்டாயம் வரப்போவது சுவீகாரம். பங்காளி வீட்டுப் பிள்ளையை இன்னொரு வீட்டுக்குக் கூட்டும்போது, நிரலில் அது இரண்டு வேலை: ஒரு கிளையிலிருந்து எடுப்பது, இன்னொன்றில் சேர்ப்பது. எடுத்தவுடனே குறி ஏறி, தானே சேமிக்கும் லிசனர் ஒன்று விழித்துக்கொண்டால் அந்தப் பிள்ளை எந்த வீட்டிலும் இல்லாத கோப்பு எழுதப்படும். அந்த நேரம் மின்சாரம் போனால் அவன் பெயரே போச்சு. ஆகவே வேரில் ஓர் எண் வையுங்கள். வேலை தொடங்கும்போது ஒன்று கூட்டி, முடியும்போது ஒன்று கழியுங்கள். பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் தகவல். கழிப்பதை, எப்படி முடிந்தாலும் கட்டாயம் ஓடும் ‘ஃபைனலி’ பகுதிக்குள் வையுங்கள், நடுவில் பிழை வந்தாலும் எண் இறங்கிவிடும்.

பொத்தானை அழுத்தியதும் குறியை இறக்காதீர்கள். கோப்பு முழுதாக எழுதி முடிந்த பிறகு இறக்குங்கள்.