எரிபொருள் குழாய்க்குப் பக்கத்தில் வீடு: கேட்டீர்கள், சொல்கிறேன்

பெட்ரோல், டீசல் குழாய்களில் அரிப்புத் தடுப்பு வேலை பார்த்தவன் என்பதால் கேள்விகள் குவிந்துவிட்டன. முக்கியமானவற்றுக்கு இங்கே பதில்.

சார், எங்கள் தெருவுக்குப் பின்னால் போகும் டீசல் குழாய்க்கு நாற்பது வயதாகிறதாம். மாற்றச் சொல்லிப் போராடலாமா?

வயதை மட்டும் பார்க்காதீர்கள். மேலுறை ஒழுங்காக இருந்தால் நாற்பது வருட எஃகும் தாங்கும், உறை உரிந்து ஈரம் புகுந்தால் புதுக் குழாயே சீக்கிரம் ஓட்டையாகிவிடும். கடைசியாக எப்போது குழாய்க்குள் பிக் அனுப்பினார்கள், அது காட்டிய இடங்களில் எத்தனையைத் தோண்டிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அப்புறம் போராடலாம்.

பிக் என்றால் என்ன அண்ணா?

எண்ணெயோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே ஓடும் சோதனைக் கருவி. காந்தப்புலத்தை வைத்துச் சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று பதிவு செய்துகொண்டே போகும். ஆனால் பதிவு செய்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்காமில் 16 அங்குல பெட்ரோல் குழாய் ஒன்றை 1994இல் தண்ணீர் சுத்திகரிப்பு நிலைய வேலைக்காகத் தோண்டிய இயந்திரம் கீறிவிட்டது. பிறகு ஓட்டிய பிக் அந்தப் பகுதியில் கோளாறைக் காட்டியும் கம்பெனி தோண்டிப் பார்க்கவில்லை. 1999 ஜூன் 10 அன்று வால்வு ஒன்று மூடிக்கொள்ள, அழுத்தம் ஏறி அதே இடத்தில் வெடித்து, சுமார் 9 லட்சம் லிட்டர் பெட்ரோல் ஓடையில் பாய்ந்து தீப்பிடித்தது. இரண்டு பத்து வயதுச் சிறுவர்களும் மீன் பிடிக்கப் போன 18 வயதுப் பையனும் செத்துப்போனார்கள். பழைய குழாயைவிட எனக்கு ஜேசிபி மீதுதான் பயம் அதிகம்.

லீக் ஆனால் கம்ப்யூட்டரே நிறுத்திவிடாதா?

அப்படி நம்பாதீர்கள். 2010இல் மிச்சிகனின் மார்ஷல் அருகே 1969இல் போட்ட கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தது. அலாரம் அடித்துக்கொண்டே இருக்க, குழாயில் எண்ணெய் நிரம்பாத இடைவெளிதான் காரணம் என்று நினைத்து இரண்டு தடவை பம்பை மறுபடி ஓட்டினார்கள். உடைந்தது தெரிய 17 மணி நேரம் ஆனது. மேலே சுற்றியிருந்த பாலிஎத்திலீன் டேப் உரிந்ததால்தான் அங்கே அரிப்பும் விரிசலும் வந்தன.

வயல் ஓரம் பெட்டி வைத்த சின்னக் கம்பம் நிற்கிறதே, தொட்டால் ஷாக் அடிக்குமா?

சாதாரணமாக அடிக்காது, ஆனாலும் பெட்டியைத் திறக்காதீர்கள், பிள்ளைகளையும் விளையாட விடாதீர்கள். அரிப்பைத் தடுக்கக் குழாய்க்குச் சிறு மின்னோட்டம் கொடுக்கிறார்கள், அதை அளக்கத்தான் அந்தக் கம்பம். தாமிர சல்பேட் நிரப்பிய சின்னக் குடுவையை ஈரமண்ணில் ஊன்றி, மீட்டரின் ஒரு ஒயரை அதிலும் மற்றதைப் பெட்டிக்குள்ளும் மாட்டினால் மைனஸ் 0.85 வோல்ட்டோ இன்னும் கீழேயோ காட்ட வேண்டும். மைனஸ் 0.6 என்றால் அங்கே பாதுகாப்பு போதவில்லை. டேப் உரிந்து குழாயை மூடி நின்றால் மின்னோட்டம் உள்ளே போகாது, மீட்டரோ நல்ல கணக்கே காட்டும். அங்கே பிக்தான் கதி.

குழாய் போகும் என் நிலத்தில் கிணறு வெட்டலாமா?

கூடாது. பெட்ரோலியக் குழாய்களுக்கான 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழாய் போகும் அந்த நிலப் பட்டையில் கட்டடம், கிணறு, குளம், மரம் எதற்கும் அனுமதி இல்லை. பயிர் வைக்கலாம். பக்கத்தில் போர்வெல் போட வண்டி வந்தாலும் முதலில் கம்பெனிக்குப் போன் போடுங்கள்.

பெட்ரோல் வாடை அடித்தால் என்ன செய்வது?

வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், அடுப்பு பீடி எதுவும் வேண்டாம், லைட் சுவிட்சையும் தொடாதீர்கள். பள்ளமான பக்கம் போகாமல், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நடந்து, நன்றாக விலகிய பிறகே போனை எடுங்கள். எச்சரிக்கைப் பலகையில் உள்ள கம்பெனி எண்ணைத் தெருவில் நாலு பேராவது இன்றைக்கே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.