தாய்க்கோழி கொடுத்தனுப்பும் கட்டுச்சோறு

நாட்டுக்கோழி வளர்ப்போர் கேட்டவையும் கால்நடை மருத்துவராகிய என் பதில்களும்.

கேள்வி: சென்ற ஆண்டு வெள்ளைக்கழிச்சலில் பாதிக் கோழிகள் போய்விட்டன. தப்பிய பெட்டையின் குஞ்சுகளுக்கு அந்த நோய் வராது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?

பதில்: மூன்று வாரத்துக்கு வேண்டுமானால் உண்மை. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயிலிருந்து மீண்ட கோழியின் ரத்தத்தில் அந்த வைரஸை மடக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். முட்டை உருவாகும்போதே அது மஞ்சள் கருவில் இறங்கிவிடுகிறது. பொரித்த அன்றே இறந்த குஞ்சின் வயிற்றைத் திறந்தால் சிறு நெல்லிக்காய் அளவில் மஞ்சள் கருப் பை இருக்கும். இரையே இல்லாமல் ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப முடிவது இந்தக் கட்டுச்சோற்றால்தான். எதிர்ப்பொருளும் இதே மஞ்சள் கரு வழியாகத்தான் குஞ்சின் ரத்தத்தில் சேர்கிறது. ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைந்துகொண்டே போகும். குஞ்சுக்கு அதைப் புதிதாகச் செய்துகொள்ளத் தெரியாது. நோயைத் தானே சந்தித்தால்தான், அல்லது தடுப்பு மருந்து போட்டால்தான், சொந்த எதிர்ப்பு வரும்.

கேள்வி: இன்குபேட்டரில் வைத்தால் தாயின் எதிர்ப்பு கிடைக்காதா?

பதில்: கிடைக்கும். கொடுக்க வேண்டியதை முட்டையிடும் முன்பே தாய் கொடுத்துவிடுகிறது. கன்றுக்குச் சீம்பால் போலப் பிறகு ஊட்டுவதற்குக் கோழியிடம் எதுவும் இல்லை.

கேள்வி: தாய்க்கு இன்று தடுப்பூசி போட்டால், நாளைய முட்டையை அடை வைக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். தாயின் உடல் எதிர்ப்பொருளைப் பெருக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நாளை இடப்போகும் முட்டையின் மஞ்சள் கருவோ பத்து நாட்களாக வளர்ந்து முடிந்துவிட்டது. மூன்று வாரம் பொறுத்து முட்டை சேர்ப்பது நல்லது.

கேள்வி: தாயின் எதிர்ப்பு இருக்கும்போது குஞ்சுக்கு ஏழாம் நாளே மருந்து எதற்கு?

பதில்: இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைந்த உயிருள்ள வைரஸ். தாய் தந்த எதிர்ப்பொருள் அதையும் எதிரியாக நினைத்து அழித்துவிடக்கூடும். அதனால்தான் கண்ணிலும் மூக்கிலும் விடச் சொல்கிறோம். அங்குள்ள சளிச்சவ்வு, ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளால் அவ்வளவாகத் தடைபடாமல் தானே எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும். அந்த முதல் சொட்டோடு நிறுத்திவிடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. நான்காம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி, இரண்டும் கட்டாயம்.

கேள்வி: சேவலிடமிருந்து?

பதில்: மரபணு மட்டும். எதிர்ப்பொருள் கிடையாது.

கேள்வி: இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: 1893இல் ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் கிளெம்பெரர் கோழிகளுக்கு டெட்டனஸ் எதிர்ப்பை உண்டாக்கினார். அவற்றின் மஞ்சள் கருவைச் செலுத்திய எலிகள் டெட்டனஸிலிருந்து தப்பின. சில காட்டுப் பறவைகளில் இந்த மூன்று வாரக் கணக்கு வேறு. மூன்று மாதம் வளையிலேயே வளரும் கோரி ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் குஞ்சிடம் தாயின் எதிர்ப்பொருள் பல வாரங்கள் தங்குகிறது.

கேள்வி: அப்படியானால் நோயில் மீண்ட பெட்டையையே தாயாக வைத்துக்கொள்ளலாமே?

பதில்: எந்த நோய் என்று முதலில் தெரிய வேண்டும். பிறந்த சில நாட்களிலேயே குஞ்சுகள் வெள்ளையாகக் கழிந்து, பின்புறம் ஒட்டிக்கொண்டு சாகின்றனவா? அதையும் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்றே சொல்கிறார்கள். ஆனால் அது சால்மோனெல்லா பாக்டீரியாவாக இருக்கலாம். மீண்ட பெட்டை வெளியே நலமாகத் தெரியும், சினைப்பையில் கிருமி தங்கி முட்டை வழியே குஞ்சுக்குப் போகும். அந்தப் பெட்டையை அடை வைக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.