அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல வேற காலேஜ்ல இருந்து ட்ரான்ஸ்ஃபர் ஆகி வர்ற கார்டு (பந்தைக் கொண்டு வர்ற, வெளிய இருந்து ஷூட் பண்ற ஆள்) டீமுக்கு செட் ஆவாரான்னு ரசிகர்கள் ஏன் இவ்வளவு சண்டை போடறாங்க? போன வருஷ பாயிண்ட் ஆவரேஜைப் பார்த்தா தெரிஞ்சிடாதா?

தெரியாது. ஆவரேஜ்லதான் பாதிப்பேர் ஏமாறாங்க.

நான் இருக்கறது கனெக்டிகட்ல, ஹார்ட்ஃபோர்ட் பக்கம். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஐடி வேலை பார்க்க வந்து அப்படியே தங்கிட்ட நம்ம ஆளுங்க இங்க நிறைய. இந்த ஸ்டேட்ல என்.பி.ஏ.ங்கற பெரிய புரொஃபஷனல் லீக்கோட டீம் கிடையாது, இருக்கறது யூகான்தான் (கனெக்டிகட் யுனிவர்சிட்டி டீம்), அதனால ஏப்ரல் வந்தாச்சுன்னா ஆபீஸ் காபி மெஷின்கிட்ட யாரு போறா, யாரு வர்றாங்கற பேச்சுதான் ஓடும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். முன்னாடியெல்லாம் காலேஜ் மாறினா பொதுவா ஒரு வருஷம் மேட்ச் ஆடாம உட்காரணும். 2021-ல ஒரு தடவை மட்டும் உட்காராம மாறிக்கலாம்னு விட்டாங்க, 2024-ல அந்த ஒரு தடவைங்கற கணக்கும் போச்சு, படிப்பு ஒழுங்கா இருந்தா எத்தனை தடவை வேணா மாறலாம். அதே 2021 ஜூலையில இருந்து பிளேயர்ஸ் தங்களோட பேரை வெச்சு விளம்பரத்துல காசு பார்க்கலாம்னும் ஆயிடுச்சு. அப்புறம் கேக்கவா வேணும், வருஷா வருஷம் பாதி டீம் புதுசு.

இப்போ யூகானுக்கு வந்த மூணு கார்டுகளை எடுத்துக்கோங்க. ட்ரிஸ்டன் நியூட்டன் ஈஸ்ட் கரோலினால மேட்சுக்கு 17.7 பாயிண்ட் ஆவரேஜ் வெச்சிருந்தாரு, 2022-ல இங்க வந்த முதல் சீசன்ல அது 10.1 ஆச்சு. கேம் ஸ்பென்சர் ரட்கர்ஸ்ல 13.2, 2023-ல இங்க வந்ததும் 14.3. ஏடன் மஹேனி செயின்ட் மேரீஸ்ல ரெண்டு சீசனும் 13.9, 2024-ல இங்க வந்தப்புறம் அஞ்சுக்கும் கீழ. இதை மட்டும் காட்டினா நீங்க என்ன சொல்வீங்க, ஸ்பென்சர் ஓகே, மத்த ரெண்டு பேரும் ஃபெயில்னுதானே? ஆனா நியூட்டன் அந்த 10.1 சீசன்லயே தேசிய சாம்பியன்ஷிப் கப் ஜெயிச்சாரு, ஃபைனல்ல சான் டியாகோ ஸ்டேட்டுக்கு எதிரா 19 பாயிண்ட், 10 ரீபவுண்ட் (உள்ள விழாம திரும்பற பந்தைப் பிடிக்கறது). அடுத்த வருஷம் திரும்பவும் கப், அந்தத் தடவை கடைசி நாலு டீம் மோதற ஃபைனல் ஃபோரோட சிறந்த வீரரே அவர்தான். பாயிண்ட் குறைஞ்சதுக்குக் காரணம் இங்க சனோகோ, ஹாக்கின்ஸ்னு பந்தை வாங்கிப் போட வேற ஆளுங்க இருந்தாங்க, நியூட்டன் எல்லாத்தையும் தானே போட வேண்டிய தேவை இல்ல.

என்னைக் கேட்டா ரெண்டே விஷயம்தான். டீம்ல எந்த இடம் காலியா இருக்கு, பந்து கையில இல்லாதப்போ இந்த ஆள் என்ன பண்ணுவாரு. ஸ்பென்சர் விஷயத்துல ரெண்டுமே அச்சா பொருந்துச்சு. ஜோர்டன் ஹாக்கின்ஸ் என்.பி.ஏ. போயிட்டதால ஸ்கிரீன் (டிஃபெண்டரை மறிச்சு நிக்கற நம்ம டீம் ஆள்) சுத்தி ஓடி ஷூட் பண்ற இடம் காலி. கோச் டான் ஹர்லி டீம்ல பந்து ஒருத்தர் கையில நிக்காது, ஷூட்டர் ஓடிக்கிட்டே இருக்கணும். ஸ்பென்சர் ஓடறதை மட்டும் தனியா பார்த்துக்கிட்டு இருந்தாலே டிக்கெட் காசு வசூல்: கூடைக்குப் பின்னாடி இருக்கற பேஸ்லைன் கோட்டுல இருந்து கிளம்புவாரு, கிளிங்கன் மாதிரி ஏழடி ஆள் ஸ்கிரீன் வெச்சு நிப்பாரு, அவர் இடுப்பை உரசிக்கிட்டே வெளிய வருவாரு, டிஃபெண்டர் பின்னாடியே துரத்துனா சட்டுனு வளைஞ்சு உள்ள போயிடுவாரு, துரத்தாம குறுக்கால வந்து மறிச்சா அப்படியே ரெண்டடி பின்னாடி நகர்ந்து த்ரீ, அதாவது தூரத்துல இருந்து போடற மூணு பாயிண்ட் ஷாட். அந்த சீசன்ல போட்ட த்ரீல உள்ள விழுந்தது 44 சதவீதம். டீம் 40 மேட்ச்ல 37 ஜெயிச்சு, ஃபைனல்ல பர்டியூவை 75-60னு அடிச்சுது.

மஹேனி மோசமான பிளேயர் கிடையாது, அதை முதல்ல சொல்லிடணும். செயின்ட் மேரீஸ் நிதானமா ஆடற டீம், பந்து அவர் கையில இருக்கும், ஒரு ஸ்கிரீன் வாங்கிட்டு தன்னோட வேகத்துல உள்ள போவாரு. இங்க வந்தா பந்தைக் கொண்டு வர்ற வேலை ஹசன் டியாராகிட்ட, ஓடி ஷூட் பண்ற வேலை சோலோ பால்கிட்ட. நடுவுல இவருக்குன்னு ஒரு வேலை அமையவே இல்ல, டிஃபென்ஸ்லயும் திணறுனதால உள்ள நிக்கற நேரமும் குறைஞ்சிடுச்சு. ஒரே சீசன்ல கிளம்பி சான்டா பார்பரா போயிட்டாரு. 'போர்ட்டல்ல (காலேஜ் மாற நினைக்கற பிளேயர்ஸோட லிஸ்ட்) கோட்டை விட்டாங்க'ன்னு இங்க கத்துனவங்கள்ல பாதிப்பேர், அவர் வந்தப்போ அந்த 13.9-ஐ காட்டித்தான் குதிச்சாங்கங்கறது வேற கதை.

ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காரு, கோயம்புத்தூர்ல காலேஜ் டீமுக்கு ஆடினவர். எந்த கார்டு வந்தாலும் அவர் கேக்கறது ஒண்ணே ஒண்ணு: "ஷூட் பண்றான் சரிங்க, அந்தப்பக்கம் யாரை மார்க் பண்ணுவான்?" எரிச்சலா இருக்கும், ஆனா பதில் சொல்ல முடியாது.

அவருக்கு சாதகமா ஒரு மேட்ச் இருக்கு, 2025 ஃபைனல். ஃப்ளோரிடா டீம்ல முதல் அஞ்சுல இறங்குன கார்டுங்க மூணு பேருமே ட்ரான்ஸ்ஃபர்: வால்டர் கிளேட்டன் ஜூனியர் அயோனால இருந்து, அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லான்டிக்ல இருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்ல இருந்து. (எங்க டீமை அந்த வருஷம் 77-75னு ரெண்டாவது ரவுண்ட்ல அனுப்பி வெச்சதும் இவங்கதான், வயித்தெரிச்சல்.) செமி ஃபைனல்ல ஆபர்ன் மேல கிளேட்டன் 34 பாயிண்ட் போட்டாரு. ஹூஸ்டன் கூட ஃபைனல்ல முதல் பாதி முழுக்க ஒரு பாயிண்ட் கூட இல்ல, மொத்தமே 11. ஆனா கடைசி செகண்டுகள்ல ஃப்ளோரிடா 65-63 முன்னால இருக்கு, ஹூஸ்டனோட இமானுவேல் ஷார்ப் த்ரீ போட எகிறிட்டாரு, கிளேட்டன் பறந்து வந்து முன்னாடி நிக்கறாரு. ஷார்ப் காத்துல இருந்தபடியே பந்தைக் கீழ விட்டுட்டாரு, அப்புறம் தொட்டா டிராவலிங்ங்கற தப்பு ஆகி பந்து எதிர் டீமுக்குப் போயிடும், தொட முடியாம நிக்கறாரு, டைம் முடிஞ்சுது. ஸ்கோரர்னு கூட்டிட்டு வந்த ஆள் கப்பை முடிச்சுக் கொடுத்தது டிஃபென்ஸ்ல. அதோட 'சின்ன லீக்ல ஆடினவன், பெரிய லீக்ல தாங்க மாட்டான்'ங்கற வாதமும் அங்கேயே அடிபட்டுப் போச்சு, அயோனா ஆடறது ரொம்பச் சின்ன லீக்.

இடம் மாறினதும் ஆளே மாறிட்ட கதையும் உண்டு. கேலப் லவ் நார்த் கரோலினால இருந்த கடைசி சீசன்ல த்ரீ 30 சதவீதம் கூட இல்ல, ரசிகர்கள் திட்டித் தீர்த்தாங்க. அரிசோனா போன முதல் வருஷமே பேக்-12 லீக்கோட சிறந்த வீரர்.

2025-ல ஜார்ஜியால இருந்து சைலஸ் டெமரி ஜூனியர் யூகானுக்கு வர்றாருன்னதும் இங்க பேச்சு வேற மாதிரி போச்சு. சூடு கண்ட பூனைங்க எல்லாம், யாரும் பாயிண்ட் பக்கமே போகல, உயரம் எவ்வளவு, எதிராளி கார்டை அடக்குவாரான்னுதான் கேட்டாங்க. கோயம்புத்தூர்க்காரருக்கு ஒரே குஷி. நீங்களும் புது கார்டைப் பத்தி யாராவது கிளிப் அனுப்பினா, பந்து போடறதையே காட்டற ஹைலைட்ஸை விட்டுட்டு ஒரு முழு மேட்ச் போட்டு, பந்து மத்தவன் கையில இருக்கறப்போ அவர் இடுப்புல கை வெச்சு நிக்கறாரா, ஓடறாரான்னு மட்டும் பாருங்க.