சீருடைப் பல் மருத்துவர்களின் ரிடென்ஷன் போனஸ்: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

அமெரிக்கத் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொதுச் சுகாதாரப் பணியின் கமிஷன்டு கோர் ஆகியவற்றில் பணிபுரியும் பல் மருத்துவர்கள், இன்னும் சில ஆண்டுகள் பணியில் இருப்பதாக எழுதிக் கொடுத்துப் பெறும் தொகைதான் ரிடென்ஷன் போனஸ். அது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. கட்டாயப் பணிக்காலத்தை நம் மருத்துவ மாணவர்கள் சொல்வது போலவே ‘பாண்ட்’ என்று எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சம்பளத்தோடு இன்சென்டிவ் பே, போர்டு சர்டிஃபிகேஷன் பே, ரிடென்ஷன் போனஸ் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா சார்?

மூன்றும் வேறு வேறு. மூன்றுக்கும் தாய்ச்சட்டம் மட்டும் ஒன்று: அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 37, பிரிவு 335. முன்பு வேரியபிள் பே, அடிஷனல் பே என்று தனித்தனியாக இருந்தவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது இந்தப் பிரிவு.

இன்சென்டிவ் பே உங்கள் துறைக்கான படி. மாதாமாதம் சம்பளத்தோடு வரும். போர்டு சர்டிஃபிகேஷன் பே, உங்கள் சிறப்புத் துறையின் போர்டுத் தேர்வை முடித்தவர்களுக்கு, அதுவும் மாதாமாதம்தான். ரிடென்ஷன் போனஸ் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வரும், ஒப்பந்தம் தொடங்கிய தேதி திரும்பும்போதெல்லாம். பல ஆண்டு பாண்டைத் தலையில் ஏற்றுவது இந்த மூன்றாவதுதான், அதனால் படித்துப் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

கேள்வி: இரண்டாண்டு, மூன்றாண்டு, நான்காண்டு என்று தெரிவு தருகிறார்கள். எது லாபம்?

ஆண்டு கூடக் கூட, ஒவ்வோர் ஆண்டின் தவணையும் கூடும். இந்த இடத்தில்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். கணக்குக்காக ஒரு பொதுப் பல் மருத்துவருக்கு இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 13,000 டாலர், நான்காண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 25,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டு ஒப்பந்தத்தை இரண்டு முறை போட்டால் நான்கு ஆண்டில் 52,000. நான்காண்டை ஒரே முறை போட்டால் 1,00,000. இடையிலுள்ள 48,000 டாலர்தான், நடுவில் விலகும் சுதந்திரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை.

மூன்றாம் ஆண்டில் நிச்சயம் வெளியே போய் சொந்த கிளினிக் வைப்பீர்கள் என்றால் அந்த விலையைக் கொடுக்கலாம். ‘பார்ப்போம்’ என்ற நிலையில் இருப்பவர்கள், போகும் வாய்ப்பு உண்மையில் எவ்வளவு என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ராணுவம் தரும் எச்.பி.எஸ்.பி. படிப்பு உதவித்தொகையில் நான்காண்டு படித்தேன். பணியில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இப்போதே போனஸுக்குப் போடலாமா?

இப்போது முடியாது. உதவித்தொகை வாங்கிய ஆண்டுக்கு ஆண்டு பணி செய்ய வேண்டும், உங்களுக்கு நான்கு. அந்தப் படிப்பு பாண்ட் தீர்ந்த பிறகுதான் ரிடென்ஷன் போனஸுக்குத் தகுதி வரும். அதுவரை இன்சென்டிவ் பே உண்டு. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: நான்காண்டு முடிந்து வெளியே வந்தாலும் மொத்த ராணுவக் கடப்பாடு எட்டாண்டு. மீதி ரிசர்வ் பட்டியலில் ஓடும்.

கேள்வி: இரண்டாண்டு ரெசிடென்சிக்கு (சிறப்புத் துறைப் பயிற்சி) தேர்வாகியிருக்கிறேன். போனஸை ரெசிடென்சிக்கு முன் போடுவதா, முடித்த பிறகு போடுவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். விரிவாகவே சொல்கிறேன்.

விதி இதுதான். போனஸ் ஒப்பந்தம் தொடங்கும் நாளில் உங்கள் மீது படிப்பு அல்லது பயிற்சி பாண்ட் எதுவும் இல்லையென்றால், போனஸ் பாண்ட் அன்றே ஓடத் தொடங்கும். அதன்பின் வந்து சேரும் பயிற்சி பாண்டும் அதோடு சேர்ந்தே கழியும். மாறாக, பயிற்சி பாண்ட் ஏற்கெனவே இருக்கும்போது போனஸ் போட்டால் முதலில் பயிற்சி பாண்ட் முழுவதும் தீர வேண்டும். போனஸ் பாண்ட் அதற்கு மறுநாள்தான் தொடங்கும்.

தேதி போட்டுப் பார்ப்போம். ரெசிடென்சி 2026 ஜூலை 1 முதல் 2028 ஜூன் 30 வரை. அதற்கான பாண்ட் இரண்டாண்டு, அதாவது 2030 ஜூன் 30 வரை.

முன்னால் போட்டவர்: 2026 ஜூன் 1 அன்று நான்காண்டு ஒப்பந்தம் தொடங்குகிறது. அது 2030 மே 31-இல் முடியும். பயிற்சி பாண்ட் ஒரு மாதம் கழித்து முடியும். 2030 ஜூலை 1 அன்று அவர் மீது எந்த பாண்டும் இல்லை.

பின்னால் போட்டவர்: 2028 அக்டோபர் 1 அன்று நான்காண்டு ஒப்பந்தம். பணம் 2028, 2029, 2030, 2031 அக்டோபர்களில் வந்துவிடும். ஆனால் போனஸ் பாண்ட் தொடங்குவதே 2030 ஜூலை 1-இல். முடிவது 2034 ஜூன் 30-இல். கடைசித் தவணை கைக்கு வந்த பிறகும் ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டு கட்டுப்பட்டிருப்பார். பணம் வரும் காலமும் பாண்ட் ஓடும் காலமும் ஒன்றல்ல. ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் கையெழுத்திட்டவர்கள்தான் பிறகு ஏமாந்து நிற்கிறார்கள்.

அப்படியானால் எல்லோரும் முன்னாலேயே போட வேண்டுமா? அப்படிச் சொல்ல மாட்டேன். முன்னால் போடும்போது கிடைப்பது பொதுப் பல் மருத்துவருக்கான விகிதம். பின்னால் போட்டால் சிறப்பு மருத்துவருக்கான விகிதம், அது அதிகம். ஓய்வூதியம் வரை இருக்கப் போகிறவருக்கு பாண்ட் நீள்வதால் இழப்பு ஒன்றுமில்லை. அதிக விகிதம்தான் அவருக்கு லாபம். 2030-இல் வெளியேற நினைப்பவருக்கு முன்னால் போடுவதே சரி. ஆனால் முன்னால் போட்டுவிட்டு, ரெசிடென்சி முடிந்ததும் ‘சிறப்பு விகிதத்துக்கு மாற்றிக்கொள்கிறேன்’ என்று புது ஒப்பந்தம் போட்டால், அன்று பயிற்சி பாண்ட் இருக்கும். புதிய போனஸ் பாண்ட் அதற்குப் பின்னால் போய் நிற்கும். முன்னால் போட்டதன் பலன் அத்தோடு போயிற்று.

தேர்வாகிப் பயிற்சிக்குக் காத்திருப்பவர் போனஸ் போடலாமா என்பதை உங்கள் படையின் அந்த ஆண்டுத் திட்டத்தில் எழுத்தில் பாருங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதை நம்பிக் கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: நடுவில் பிடிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு வந்துவிடலாம்தானே?

இல்லை. பணத்தைத் திருப்பினால் பாண்ட் கழிந்துவிடாது. ராஜினாமாவை ஏற்பதும் மறுப்பதும் அரசின் கையில். ஏற்றுக்கொண்டால், பணி செய்யாத காலத்துக்கான பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். 25,000 டாலர் வாங்கிய ஆண்டில் ஐந்து மாதம் கழித்து விலகினால், மீதி ஏழு மாதப் பங்கு: 14,583 டாலர். இது அரசுக்கு நீங்கள் பட்ட கடன். ஒப்பந்தம் முடிந்த ஐந்தாண்டுக்குள் திவால் உத்தரவு வாங்கினாலும் இந்தக் கடன் அழியாது.

மரணம், தன் தவறால் வராத ஊனம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் போனவருக்கு அந்த விலக்கு இல்லை.

வரியையும் மறக்க வேண்டாம். வாங்கிய அதே ஆண்டில் திருப்பினால் கணக்கு எளிது. அடுத்த ஆண்டு திருப்பினால், வருமான வரியாகப் பிடித்ததையும் சேர்த்துக் கேட்பார்கள். அந்த வரியைப் பிறகு வருமான வரிப் படிவத்தில் நீங்கள்தான் மீட்க வேண்டும்.

கேள்வி: 25,000 என்றார்கள், கையில் குறைவாக வந்தது. எங்கே போயிற்று?

போனஸுக்குக் கூட்டாட்சி வரியாக 22 சதவீதம் நேரே பிடிப்பார்கள். 5,500 போக 19,500 வரும். சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் இதில் பிடிக்கக் கூடாது, ஏனென்றால் ராணுவத்தில் அவை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே. பிடித்திருந்தால் உடனே கேளுங்கள். மாநில வரி உங்கள் சட்டபூர்வ இருப்பிடத்தைப் பொறுத்தது. டெக்சாஸ், ஃபுளோரிடா என்றால் கிடையாது.

போர்ப் பகுதியில் இருக்கும்போது கையெழுத்திட்டால் முழுத் தொகைக்கும் வரி இல்லை என்பது வீரர்களுக்குச் சரி. அதிகாரிகளுக்கு மாத வரம்பு இருக்கிறது. ஓ-4, ஓ-5 நிலையில் (தரைப்படையில் மேஜர், லெப்டினன்ட் கர்னல்) அடிப்படைச் சம்பளமே அந்த வரம்பின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதை நம்பிக் கையெழுத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: போனஸ் முழுவதையும் டி.எஸ்.பி. ஓய்வு நிதியில் போடலாம் என்று இருக்கிறேன்.

போடுங்கள், ஆனால் கணக்குப் பார்த்துப் போடுங்கள். 2018 முதல் நடப்பில் உள்ள புதிய ஓய்வூதிய முறையில் இருப்பவருக்கு அரசு தன் பங்காகச் சேர்க்கும் இணைத்தொகை, அவர் மாதந்தோறும் அடிப்படைச் சம்பளத்திலிருந்து போடும் தொகைக்குத்தான் வரும். 2025-இன் ஆண்டு வரம்பு 23,500 டாலர். அக்டோபர் போனஸோடு வரம்பு நிரம்பிவிட்டால் நவம்பர், டிசம்பரில் உங்கள் பங்கு நிற்கும். அதற்கான அரசுப் பங்கும் நிற்கும். எனவே ஆண்டு முழுவதும் சம்பளத்தில் 5 சதவீதம் போவதற்கு இடம் வைத்துவிட்டு, மீதியைப் போனஸிலிருந்து போடுங்கள்.

கேள்வி: நான் போட்ட பிறகு விகிதத்தை உயர்த்திவிட்டார்கள். பழையதை மாற்ற வழி உண்டா?

உண்டு. பழைய ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, அதற்குச் சமமான அல்லது அதைவிட நீண்ட புதிய ஒப்பந்தத்தை இன்றைய விகிதத்தில் போட அனுமதி கேட்கலாம். கழிந்த ஆண்டுகளுக்கு உயர்வு கிடைக்காது. 2022 அக்டோபரில் நான்காண்டு போட்டவர் 2024 அக்டோபரில் மாற்றினால், 2026-இல் முடிய வேண்டியது 2028-க்குப் போகும். தவணை வரும் தேதியை ஒட்டி மாற்றுங்கள். நடு ஆண்டில் மாற்றினால் வாங்கிய தவணையின் மீதியைப் பிடித்தம் செய்யும் வேலை வந்து சேரும்.

கேள்வி: 17 ஆண்டு முடித்துவிட்டேன். 20-இல் ஓய்வு பெற வேண்டும்.

மூன்றாண்டு போடுங்கள். நான்காண்டு போட்டால் 21-இல்தான் வெளியே வர முடியும். ஓய்வூதியம் அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டுமே கணக்கிடப்படும். போனஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் சேராது.

கேள்வி: நவம்பரில் விண்ணப்பம் தயார். ‘டிசம்பருக்குள் முடியுங்கள்’ என்று அவசரப்படுத்துகிறார்கள். ஏன்?

காரணம் இருக்கிறது. புதிய ஒப்பந்தம் போடும் அதிகாரத்துக்குச் சட்டத்திலேயே டிசம்பர் 31 என்று முடிவுத் தேதி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ஓராண்டு நீட்டும். சட்டம் தாமதமானால் ஜனவரியில் புதிய ஒப்பந்தங்கள் நின்றுவிடும். ஏற்கெனவே போட்டவர்களின் தவணைக்கு இதனால் ஆபத்தில்லை. நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் விகிதப் பட்டியல் சில சமயம் தாமதமாக வருவதால், போடுவதற்கான இடைவெளி இன்னும் சுருங்கும்.

கேள்வி: என் தங்கை சென்னையில் பி.டி.எஸ். முடித்தவள், அமெரிக்காவில் கிரீன் கார்டு. அவள் இதில் சேரலாமா அண்ணா?

இப்போதைக்கு முடியாது தம்பி. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. என்ற பல் மருத்துவப் பட்டமும் வேண்டும். பி.டி.எஸ். படித்தவர்களுக்கு அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் (முன்பு படித்ததைக் கணக்கில் எடுத்து இடையில் சேர்ப்பது) வழியில் அதை இரண்டு, மூன்று ஆண்டில் முடிக்கும் வாய்ப்பு இருக்கிறது. அதற்குள் குடியுரிமையும் வந்துவிட்டால் கதவு திறந்திருக்கும்.

கேள்வி: கடலோரக் காவல்படையில் சேர்ந்தால் போனஸ் யார் தருவார்கள்?

கடலோரக் காவல்படைக்குத் தனிப் பல் மருத்துவப் பிரிவு இல்லை. அங்கே இருப்பவர்கள் பொதுச் சுகாதாரப் பணியின் அதிகாரிகள். பூர்வகுடிகளுக்கான மருத்துவமனைகளிலும் கூட்டாட்சிச் சிறைகளிலும் இருப்பவர்களும் அப்படியே. ஒப்பந்தம் அந்தப் பணியோடுதான்.

கேள்வி: கையெழுத்திடும் முன் காகிதத்தில் எதைச் சரிபார்ப்பது?

மாநில உரிமம் முதலில். ஏதாவது ஒரு மாநிலத்தின் நிபந்தனையற்ற உரிமம் போதும், ஆனால் ஒருநாள் கூட காலாவதியாகி இருக்கக் கூடாது. அடுத்து, துறைப் பெயர். சிறப்பு மருத்துவருக்குப் ‘பொதுப் பல் மருத்துவர்’ என்று தட்டச்சாகியிருந்தால் நான்கு ஆண்டும் குறைந்த விகிதமே வரும். பிறகு மூன்று தேதிகள்: ஒப்பந்தத் தொடக்கம், தவணை முடிவு, பாண்ட் முடிவு. மூன்றாவது தேதி காகிதத்தில் இல்லையென்றால், அதை எழுதிக் கேட்டு வாங்காமல் கையெழுத்திட வேண்டாம்.

கையெழுத்திட்ட ஒப்பந்தப் படிவம் தலைமை அதிகாரி வழியாக சிறப்புச் சம்பளப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து சம்பளக் கணக்கு அலுவலகத்துக்குப் போகும். தலைமை அதிகாரியின் மேசையில் அது தூங்குவதுதான் வழக்கமான தாமதம். இரண்டு சம்பளச் சீட்டு கடந்தும் அதில் போனஸ் பதிவைக் காணோம் என்றால், முதலில் அந்த மேசையில் விசாரியுங்கள். எல்லாக் கையெழுத்தும் விழுந்த படிவத்தின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும்.