அடையாளம் கேட்காதே மகளே, விண்ணப்பத்தை நிரப்பு

கேள்வி: உயர்தரப் பரீட்சையில் கலைப்பிரிவில் இரண்டு பி, ஒரு சி எடுத்துச் சித்தியடைந்திருக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் இவ்வளவு தூரம் படித்த முதல் பிள்ளை நான்தான். பல்கலைக்கழகத்துக்கும், ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கச் சொல்கிறார் டீச்சர். ஆனால் உபவாச ஜெபத்தில் பாஸ்டர் என் தலையில் கைவைத்து, கர்த்தர் என்னை முழுநேர ஊழியத்துக்குப் பிரித்தெடுத்துவிட்டார் என்று சொன்னார். கெம்பஸ் போனால் விசுவாசம் தணிந்துபோகும், இந்த வருஷமே வேதாகமப் பள்ளியில் சேர் என்கிறார். அம்மா மலையில் கொழுந்து பறிக்கிறார். நான் கொழும்பில் கடை வேலைக்குப் போனால் கடனாவது தீரும் என்பது அவருடைய எண்ணம். சபையில் எனக்குக் கொடுத்த வாழ்த்து அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. தேவசித்தம் எது என்று இந்த மாதத்துக்குள் ஓர் அடையாளம் காட்டும்படி ஜெபித்துக் காத்திருக்கிறேன். பாஸ்டரிடம் நான் என்ன சொல்வது?
– பெயர் வேண்டாம், பொகவந்தலாவை

பதில்: மகளே, முதலில் விண்ணப்பத்தை நிரப்பு. நான் எழுதியிருக்கும் மிச்சத்தை அதன் பிறகு வாசித்தால் போதும்.

கடுமையாகச் சொல்வதாக நினைக்காதே. நீ அடையாளத்துக்காகக் காத்திருக்கும் இதே நாட்களில்தான் விண்ணப்ப முடிவுத் திகதியும் வருகிறது. திகதி தாண்டிப் போய்விட்டால் உன் பெறுபேற்றை யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். பிறகு அதையே 'கர்த்தர் கதவை அடைத்துவிட்டார்' என்று நீயும் சொல்வாய், சபையும் சொல்லும். அடைத்தது கர்த்தர் அல்ல.

பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடு தழுவிய திறமை வரிசைக்கும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படைக்கும், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. அனுமதிக்குப் பார்க்கும் உன் தரப்படுத்திய புள்ளி, அதாவது இசட் புள்ளி, எட்டுமா எட்டாதா என்று நீயோ பாஸ்டரோ முன்கூட்டியே தீர்ப்பு எழுத வேண்டாம். விண்ணப்பம் போடு, பதில் வரட்டும். கல்வியியற் கல்லூரிகளுக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும், அதற்கும் போடு. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது, உன் ஊரிலிருந்து அதிக தூரமில்லை.

அடையாளம் கேட்கும் பழக்கம் நம் சபைகளில் வேரூன்றிவிட்டது. ஆட்டுத்தோலை இரவில் விரித்துவைத்து, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்ட கிதியோனைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பார். கிதியோன் தோலை விரிப்பதற்கு முன்பே கர்த்தர் அவனிடம் தெளிவாகப் பேசிவிட்டார். 'நீர் சொன்னபடி' என்றுதான் அவன் வேண்டுதலே தொடங்குகிறது. சித்தத்தை அறிந்துகொள்ள விரித்த தோல் அல்ல அது. அறிந்த பிறகும் பயம் தீராதவன் கேட்டது. கர்த்தர் அவனைப் பொறுத்துக்கொண்டார், அவ்வளவே. அது நமக்கு விதியாகிவிடாது.

இப்போது உன் வாழ்த்து அட்டைக்கு வருகிறேன். உங்களைக் குறித்து நான் நினைப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம் அது. சாதாரண தரம் முடித்தாலும், உயர்தரம் முடித்தாலும், கல்யாணம் முடித்தாலும் நாம் எழுதிக் கொடுப்பது இந்த ஒரு வசனத்தைத்தான். அது யாருக்கு எழுதப்பட்டது என்று உனக்கு யாராவது சொன்னார்களா? சொந்த மண்ணிலிருந்து பாபிலோனுக்குப் பெயர்த்தெடுக்கப்பட்டு, அந்நியராகவே எண்ணப்பட்ட ஒரு ஜனத்துக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. நம் மலையக ஜனத்துக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கடல் கடந்து கூட்டிவரப்பட்டு, 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, குடியுரிமை வழங்கிய 2003 சட்டம் வரைக்கும் நாடற்றவர்களைத் தன் நடுவில் வைத்திருந்த சமூகம் நாம். எருசலேமில் இருந்தவர்களைவிட அந்தக் கடிதம் நமக்குத்தான் நன்றாகப் புரியும்.

அந்தக் கடிதத்தில் பதினோராம் வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது? வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், 'அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்' என்று இருக்கிறது. விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தேவாலயத்தில் நின்று கர்த்தரின் பெயரால் சொல்கிறான். ஜனங்களுக்கு இனித்த வார்த்தை அது. கர்த்தர் அவனை அனுப்பவில்லை. உன் கையில் இருக்கும் வாக்குத்தத்தம், அவசரமான தீர்க்கதரிசனத்தை நம்பாதே என்ற எச்சரிப்போடு சேர்ந்து வந்தது. அட்டையில் அந்தப் பகுதிக்கு இடமில்லாமல் போயிற்று.

உன் பாஸ்டரை அனனியா என்று நான் சொல்லவில்லை. உன்மேல் அன்புள்ளவராகத்தான் இருப்பார். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொன்னார். சோதிக்கும் கடமை உன்னுடையது. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் கைவைத்து, சபை முழுவதும் ஆமென் சொல்லும் நேரத்தில், அவளுடைய படிப்பையும் உழைப்பையும் பற்றி 'கர்த்தர் சொல்கிறார்' என்று அறிவிப்பது நியாயமில்லை. அவளால் அந்த இடத்தில் இல்லை என்று சொல்ல முடியாது. இதை வாசிக்கும் போதகர்கள் தயவுசெய்து யோசியுங்கள். உண்மையான அழைப்பு மூன்று வருஷத்தில் காலாவதியாகாது. இவள் படித்து முடித்து வரும்போதும் அது அங்கேயே இருக்கும்.

கெம்பஸ் போனால் விசுவாசம் தணியும் என்ற பேச்சுக்கு, பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட தானியேல் போதும். ராஜாவின் போஜனத்தை மறுத்த அவன் ராஜாவின் பள்ளிக்கூடத்தை மறுக்கவில்லை. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷம் படித்தான். எதை ஏற்பது, எதை மறுப்பது என்று அவன் 'தன் இருதயத்தில் தீர்மானம்' பண்ணியிருந்தான். நீ செய்ய வேண்டியதும் அதுதான், அதுவும் பஸ் ஏறும் முன்பே. போன முதல் ஞாயிறே ஒரு சபையைத் தேடிப் போ. இரண்டு கிழமை தள்ளிப்போட்டால் இரண்டு மாதம் ஆகிவிடும். மாணவர் ஐக்கியம் இருந்தால் சேர்ந்துகொள், ஆனால் அதைச் சபைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதே. கிழவிகளும் கைக்குழந்தைகளும் கூலிக்காரரும் இருக்கும் சபை உனக்குத் தேவை.

மூத்த மாணவர்கள் புதியவர்களை வதைக்கும் பகிடிவதையைப் பற்றி உன் பாஸ்டர் எதுவும் சொல்லவில்லை போலும். நான் சொல்கிறேன். 1997இல் பேராதனையில் ஒரு பொறியியல் மாணவன் பகிடிவதையால் உயிரிழந்தான். மறுவருஷம் அதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் வதை ஒழியவில்லை. முதல் வருஷத்தில் நீ அனுபவிக்கப்போவதை நினைத்து எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பெரிய பயம் இரண்டாம் வருஷத்தைப் பற்றித்தான். உனக்குக் கீழே ஒரு புதிய பிள்ளை, ஒருவேளை நம் தோட்டத்திலிருந்தே வந்த பிள்ளை, நடுங்கிக்கொண்டு நிற்கும். உன் கூட்டாளிகள் உன்னையும் கூப்பிடுவார்கள். அன்று நீ யார் பக்கம் போய் நிற்கிறாய்? விசுவாசம் தணிந்ததா இல்லையா என்று எனக்கு அதில் தெரிந்துவிடும், நீ எத்தனை ஜெபக்கூட்டத்துக்குப் போனாய் என்பதில் அல்ல.

ஊழியம் என்ற பேச்சு எடுத்ததால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மலைகளில் சுவிசேஷமும் படிப்பும் எதிரெதிராக வந்தவை அல்ல. தோட்டத் தொழிலாளர் நடுவில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், ஜெபம் சொல்லிக்கொடுத்த கையோடு எழுத்தும் சொல்லிக்கொடுத்தது. கண்டியில் 1972இல் சத்தியோதயம் என்ற சமூக நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ், தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகத் தன் ஆயுளைக் கொடுத்தார். அதற்கு ஊழியம் என்பதைத் தவிர வேறு என்ன பெயர்? கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லாமல் நம் தோட்டப் பாடசாலைகள் தவிக்கின்றன. அங்கே போய் நின்று, நம் பிள்ளைகளை அடிக்காமல், இழிவாகப் பேசாமல் பாடம் நடத்தும் ஒரு கிறிஸ்தவ ஆசிரியையை நான் பிரசங்க பீடத்தில் நிற்பவருக்குச் சமமாக மதிக்கிறேன்.

அம்மாவின் விஷயம் இவை எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது. அவர் பேராசைக்காரி அல்ல. பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழும் வாழ்க்கையில், கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது அவர் வேறு எப்படி யோசிப்பார்? தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7இல் வாசி. 'எனக்கு ஊழியம் இருக்கிறது' என்றோ 'எனக்குப் படிப்பு இருக்கிறது' என்றோ சொல்லிவிட்டு நீ எழுந்து போக முடியாது. ஒரு மாலை அம்மாவோடு உட்கார். நுண்கடன் எவ்வளவு, அடகில் என்ன இருக்கிறது, சீட்டு எப்போது முடியும் என்று கொப்பியில் எழுது. பிறகு கல்லூரிக் கணக்கையும் எழுது. கல்வியியற் கல்லூரியில் முதல் இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருஷம் பாடசாலையில் பயிற்சி, அதன் பிறகு அரசாங்க ஆசிரிய நியமனம். பல்கலைக்கழகம் கிடைத்தால் மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு கணக்கையும் அம்மா பார்க்கட்டும். கடையில் கிடைக்கும் சம்பளத்தில் கொழும்பு அறை வாடகையும் சாப்பாடும் போனால் வீட்டுக்கு வருவது எவ்வளவு என்பதையும் எழுது.

அனுமதிக் கடிதம் வரும்வரை சில மாதங்கள் கடையில் வேலை செய்தாலும் தவறில்லை. பவுலும் கூடாரம் செய்யும் தொழிலில் உழைத்துக்கொண்டே ஊழியம் செய்தார். ஆனால் நியமனக் கடிதம் கேள். ஊழியர் சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்தால் முதலாளி 12 சதவீதம் போட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போ. உன்னோடு பரீட்சை எழுதிச் சித்தியடையாத தோழிகளுக்கும் இதைச் சொல். அவர்களை யாரும் மேடைக்கு அழைத்து வாழ்த்து அட்டை கொடுத்திருக்கமாட்டார்கள். எரேமியாவின் கடிதம் அவர்களுக்கும் உரியது.

பாஸ்டரிடம் என்ன சொல்வது என்று கேட்டாய். கூட்டத்தில் சொல்லாதே, ஒளித்தும் வைக்காதே. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சொல்: "பாஸ்டர், நீங்கள் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை, ஜெபத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டேன். எங்கே கிடைக்கிறதோ அந்த ஊர்ச் சபைக்கு எனக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதித் தாருங்கள்." அவர் கோபித்துக்கொண்டால் ஒரு மாதம் பொறுத்து மறுபடி போய்க் கேள்.