மரத்துக்குள் நீரும் உணவும்: கேள்வி பதில்

கேள்வி: 20 மீட்டர் உயரத் தென்னையின் உச்சிக்குத் தண்ணீரை எது தள்ளுகிறது?

பதில்: எதுவும் தள்ளுவதில்லை, மேலிருந்துதான் இழுக்கிறது. இலைத்துளை வழியே நீர் ஆவியாகும்போது, இலைச் செல்களின் சுவரில் உள்ள நீர்ப்படலம் பின்னாலிருக்கும் நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதால் அந்த இழுப்பு, நீரை ஏற்றும் சைலம் குழாய்களில் வேர்வரை இறங்குகிறது. டிக்சன், ஜோலி என்ற இரு அயர்லாந்து விஞ்ஞானிகள் 1894-இல் தந்த விளக்கம் இது. மேலே இருந்து உறிஞ்சும் பம்பால் சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்ற முடியாது. காற்றழுத்தத்தின் எல்லை அது. அறுபடாத நீர்த்தொடர் உள்ள மரத்துக்கு அந்த எல்லை கிடையாது. கலிபோர்னிய ரெட்வுட் மரம் ஒன்று 115 மீட்டரையும் தாண்டி நிற்கிறது.

கேள்வி: காலையில் புல் நுனியில் நிற்கும் சொட்டு பனிதானே?

பதில்: எல்லாமே பனி இல்லை. இரவில் வேர் உப்புகளை உள்ளே ஏற்ற, நீரும் பின்தொடர்ந்து வந்து இலை நுனியில் கசியும். வேர் அழுத்தம் என்பது இதுதான். உயரமான மரத்துக்கு இது போதாது.

கேள்வி: செல்கள் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று ஜகதீஷ் சந்திர போஸ் நிரூபித்துவிட்டாரே?

பதில்: 1923-இல் அப்படி எழுதினார். அவர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு; ஆனால் இந்தக் கருத்து நிற்கவில்லை. அதற்கு முன்பே ஸ்ட்ராஸ்பர்கர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் வெட்டிய மரத்தின் அடியை நச்சுக் கரைசலில் வைத்துப் பார்த்திருந்தார். தண்டின் செல்கள் இறந்த பிறகும் நீர் ஏறியது.

கேள்வி: இந்திய விஞ்ஞானி என்பதால் ஒதுக்குகிறீர்களா?

பதில்: இல்லை. 1965-இல் ஸ்காலண்டர் குழு கடல்நீரில் நிற்கும் அலையாத்தி மரங்களின் கிளைகளை, குழாய்நீரின் இழுவிசையை அளக்கும் அழுத்தக் கலத்தில் வைத்து அளந்தது. குழாய்க்குள் இருந்தது பெரும் இழுவிசை. செல்கள் துடித்துத் தள்ளினால் அங்கே நேரழுத்தம், அதாவது தள்ளும் அழுத்தம் அல்லவா தெரிய வேண்டும்? மறுப்பு இருந்தால் அளவீட்டோடு வாருங்கள், பேசலாம்.

கேள்வி: துணி காயப்போட வேம்பைச் சுற்றிக் கொடிக்கம்பி கட்டலாமா?

பதில்: கூடாது. இலை செய்த சர்க்கரை பட்டையின் உட்புறத்தில் உள்ள புளோயம் வழியாகத்தான் வேருக்குப் போகிறது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி அதை நெரிக்கும். பட்டையை வளையமாக உரித்தால் மேற்புறம் புடைப்பதை இத்தாலிய விஞ்ஞானி மால்பிகி 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். அதன் பிறகு பட்டினி கிடப்பது வேர்தான்.

கேள்வி: தென்னையை வளையமாகச் செதுக்கினாலும் சாவதில்லையே?

பதில்: தென்னையும் பனையும் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் குழாய்க் கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஓரம் போனாலும் உள்ளே இருப்பவை வேலை செய்யும். ஆனால் அந்தக் காயம் ஒருபோதும் ஆறாது. புதுத் திசுவை உருவாக்கும் கேம்பியம் என்ற செல் அடுக்கு அங்கே கிடையாது.

கேள்வி: பதநீர் வேர் உறிஞ்சிய தண்ணீரா?

பதில்: இல்லை, புளோயச் சாறு. பூவுக்கும் காய்க்கும் போக வேண்டிய சுக்ரோஸ் என்ற சர்க்கரை, சீவிய பாளை வழியே வடிகிறது. சர்க்கரை ஏறிய இலைப்பக்கக் குழாய் நீரை உள்ளே இழுத்து அழுத்தம் கூட்டும். சர்க்கரை இறங்கும் பக்கத்தில் அழுத்தம் குறையும். அந்த வேறுபாடே சாற்றை ஓட்டுகிறது. 1930-இல் முன்ஷ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி சொன்னது இது. வெட்டுவாய் அடைபடுவதால்தான் பனையேறிகள் தினமும் புதிதாகச் சீவுகிறார்கள்.

கேள்வி: தண்ணீர் தேங்கிய பப்பாளி ஏன் வாடுகிறது?

பதில்: வேருக்குக் காற்று இல்லை. வடிகால் வெட்டுங்கள்.

கேள்வி: தென்னைக்கு எவ்வளவு யூரியா?

பதில்: மண் பரிசோதனை நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: மாமரத்தில் கம்பி கட்டலாமா?

பதில்: வேம்புக்குச் சொன்னதேதான். கூடாது, எந்த மரத்திலும் கூடாது.

கேள்வி: ஏற்கெனவே கம்பி உள்ளே புதைந்துவிட்டது.

பதில்: பிடுங்காதீர்கள், பட்டை கிழியும். வெளியே தெரியும் இடங்களில் எல்லாம் நறுக்கிவிட்டு, உள்ளே இருப்பதை அப்படியே விடுங்கள்.